விண்ணப்பத்தால் வழி திறந்த பெருமகனார் இரட்டைமலை சீனிவாசனார்

தாம்பரத்திலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதையில் செங்கற்பட்டைக் கடந்தால் மதுராந்தகம் வரும். அதனை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் 1860ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் இரட்டைமலை சீனிவாசனார் பிறந்தார். 1859 என்று கொள்வாரும் உளர். இரட்டைமலை என்பது தந்தையாரின் பெயர். மலையின் பெயர் என்று எண்ணிக்கொண்டிருக்கும் மாணவர்களை நாம் வகுப்பறையில் பன்முறை கண்டதால் இதனை முதலிலேயே சொல்லிவைத்தோம்.

வெள்ளி விழா மலருக்கு ஒரு தலைவரின் வரலாற்றை எழுதித் தருமாறு சங்கத்தார் பணித்தபோது, அண்ணல் அம்பேத்கரைப் பற்றியும் பண்டித அயோத்திதாசரைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கின்றனர், நம் மாவட்டத்து மண்ணில் தோன்றிய இப்பெரியாரைப் பற்றி எழுதுவோம் என்று துணிந்தோம். அதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளில் எழுதிய விண்ணப்பங்கள் பல, வென்றவை சில. விண்ணப்பம் எழுதுவதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்ட ஒருவரின் வரலாறு நம் இளைஞர்களுக்கு இப்போது மிகவும் வேண்டப்படுவது என்று நமக்குத் தோன்றிற்று.

சாதிக் கொடுமையின் காரணமாக அக்குடும்பம் பிறந்த ஊரை விட்டுத் தஞ்சைக்கும் பின்னர்க் கோயம்புத்தூருக்கும் பெயர்ந்தது. கோவைக் கல்லூரியில் அவர் பயின்றபோது அங்கிருந்த ஏறத்தாழ நானூறு மாணவருள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் யாவரும் பிராமணர் என்று தம் வரலாற்றில் அவரே குறித்திருக்கிறார். பிற பிள்ளைகளோடு பழகினால் தம் குலமும் குடியிருப்பும் வெளிப்பட்டுவிடுமோ என அஞ்சி, பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவாராம். மாலையிலும் பிறர் தம்மைத் தொடராதபடி விரைந்து வீடு சேர்வாராம். முப்பது ஆண்டுகளாக வருகைப் பதிவேடு எடுத்துவரும் நமக்கு, காலம் தாழ்ந்து வரும் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் இச்செய்தி நினைவிற்கு வருவதுண்டு.

கல்வி முடித்தபின் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிலையங்களில் கணக்கராகப் பத்தாண்டுக் காலம் பணிபுரிந்தார். வாழ்க்கை வரலாறு எழுதுவோர் இப்பகுதியை இரண்டு வரியில் கடந்துவிடுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. வரவு செலவு எழுதவும், ஆங்கிலத்தில் அலுவல் கடிதம் வரையவும், வந்த கடிதத்திற்கு நாளும் எண்ணும் இட்டுக் கோத்து வைக்கவும் அவர் கைதேர்ந்தது அந்தப் பத்தாண்டுகளில்தான் இருக்க வேண்டும். பின்னாளில் அரசாங்கத்தோடு அவர் நடத்திய போராட்டம் முழுவதும் தாளும் மையும் கொண்டு நடந்ததாகும்.

1887இல் அரங்கநாயகி அம்மையாரை மணந்தார். சீனிவாசனாரின் உடன்பிறந்தாரான தனலட்சுமி அம்மையார் அயோத்திதாச பண்டிதரின் துணைவியார் ஆவார். இவ்வாறு அக்காலத்து இருபெருந் தலைவர்களும் மைத்துனர் முறையினர். கொள்கையில் இருவரும் வெவ்வேறு வழி சென்றனர். அது தனியே எழுதத்தக்க செய்தி.

1890இல் சென்னைக்கு வந்து குடியேறினார். 1891இல் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893 அக்டோபரில் பறையன் என்னும் பெயரில் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். இழிபெயரென்று பிறர் கருதிய சொல்லையே தலைப்பாக வைத்தமை அன்று பலருக்கு வியப்பையும் சிலருக்கு வெகுளியையும் தந்தது. குலத்தை மறைத்துக்கொண்டு உயர்வதனால் பயனில்லை, அப்பெயரோடு நிமிர்ந்து நின்றே உரிமை பெறவேண்டும் என்பது அவர் கருத்து. பள்ளி மணி அடிக்கும்வரை மறைந்திருந்த அதே பிள்ளை எடுத்த முடிவு இது என்பதை நினைவிற் கொள்க.

அப்பத்திரிகை தொடங்க அவர் செலவிட்டது பத்து ரூபாய். முதலிதழின் நானூறு படிகள் இரண்டே நாளில் விற்றன. திங்கள் இதழாகத் தொடங்கியது மூன்று திங்களில் வார இதழாயிற்று. ஈராண்டில் சொந்த அச்சுக்கூடமும் அமைந்தது. பத்திரிகையில் வெளிவந்த கடிதம் ஒன்றின் பொருட்டு அவர் மீது வழக்குத் தொடரப்பட்டு நூறு ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டபோது, நீதிமன்றத்தில் கூடியிருந்த நம் மக்களே அத்தொகையைத் திரட்டிச் செலுத்தினர். நாட்கூலிக்கு உழைத்த மக்கள் நூறு ரூபாயை நின்ற இடத்திலேயே திரட்டினர் என்றால், அவர்மீது வைத்த நம்பிக்கையை வேறு சொற்களால் விளக்க வேண்டியதில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் அவர் நடத்திய விண்ணப்பம் புகழ்பெற்றது. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமின்றி இந்தியாவிலும் நடத்தவேண்டும் எனக் காங்கிரசார் கோரிவந்தனர். இங்கு நடத்தினால் அதிகாரிகள் யாவரும் உயர்சாதியினராகவே அமைவர், ஏழை மக்களுக்கு நீதி கிட்டாது என்று சீனிவாசனார் கருதி, இராயப்பேட்டை வெஸ்லியன் மிஷன் கல்லூரி மண்டபத்தில் கூட்டம் கூட்டி, எதிர் விண்ணப்பம் ஒன்று எழுதி, 3412 கையொப்பங்கள் பெற்று இலண்டன் பாராளுமன்றத்திற்கு அனுப்பினார். அத்தாளின் நீளம் 112 அடி. தேச விடுதலைக்கு மாறாக நின்றார் என்று இதன்பொருட்டு அவரைக் குறைகூறுவோர் இன்றும் உளர். குறைகூறுவோர், அன்றைய வட்டக் கச்சேரியிலும் கிராம முன்சீப்பின் திண்ணையிலும் நம்மவர் எங்கு நிறுத்தப்பட்டனர் என்பதையும் சேர்த்து எண்ணிப்பார்த்தல் நலம். நாம் ஈண்டு எடுத்துக்காட்ட விரும்புவது அந்த எண்ணிக்கையையே. எழுத்தறிவு மிகச் சிலரிடமே இருந்த ஒரு சமுதாயத்தில் 3412 பேரை ஒரு தாளுக்குக் கொண்டுவருவதற்கு எத்தனை சேரிகளுக்கு நடந்திருக்க வேண்டும்!

அக்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தில் நம் மக்களுக்கு இரண்டு வாயில்கள் திறந்தன. ஒன்று நிலம், மற்றொன்று கல்வி. இரண்டையும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் இன்று மானியம், நிதியுதவி என்று நாம் பேசுவனவற்றின் வேர் அங்கே இருக்கிறது.

தாம்பரம், பல்லாவரம் முதலிய ஊர்கள் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்துச் சைதாப்பேட்டைத் தாலுகாவில் அடங்கியிருந்தன. அரசாங்கத் தரிசு நிலத்தைப் பெற விரும்புவோர் தர்காஸ்து என்னும் விண்ணப்பம் கொடுக்கவேண்டும். ஏழை உழவன் ஒருவன் துணிந்து தர்காஸ்து கொடுத்தால், அச்செய்தி ஊர் மிராசுதாரருக்குத் தெரிவிக்கப்படும். முதல் உரிமை அவருக்கே என்பது விதி. அவர் அந்நிலம் தமக்கு வேண்டும் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஏழையின் விண்ணப்பம் தள்ளுபடியாகும். மிராசுதாரருக்கு அந்நிலம் வேண்டுவதில்லை. பண்ணையாள் தனக்கென நிலம் பெற்றுவிடக்கூடாது என்பதே வேண்டும். மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையில் இந்நிலையை எடுத்துக்காட்டினார். கிறித்தவத் தொண்டர்களான கௌடி, ஆதாம் ஆண்ட்ரூ முதலியோரும் அரசுக்கு முறையிட்டனர். 1892 செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த 1010ஆம் எண் அரசாணை அதன் விளைவு. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது இதன்வழி வந்ததே.

அடுத்து, 1893 பிப்ரவரி முதல் நாள் கல்வித்துறையில் 68ஆம் எண் அரசாணை வெளிவந்தது. பஞ்சமர் கல்வியின் உரிமைச் சாசனம் என்று இதனை வரலாற்றாசிரியர் போற்றுவர். பெரிய சேரிகளில் தனிப்பள்ளி அமைத்தல், பள்ளி கட்டப் புறம்போக்கு நிலம் அளித்தல், நம் பிள்ளைகள் பயிலும் பள்ளிக்குக் கூடுதல் விகிதத்தில் மானியம் வழங்குதல், ஆசிரியப் பயிற்சி பெறுவோர்க்கு உதவித்தொகை என்று பல சலுகைகள் அதில் இருந்தன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அக்கால மானியம் தேர்ச்சியைப் பார்த்துத் தரப்பட்டது. முதலில் ஒருவர் பள்ளியைத் தொடங்க வேண்டும். பதிவேடு வைக்க வேண்டும். ஆய்வாளரை அழைத்துப் பிள்ளைகளைச் சோதிக்கச் செய்ய வேண்டும். தேறிய பிள்ளைக்கு இவ்வளவு என்று அதன் பின்னரே பணம் வரும். ஆகவே ஆணை பிறந்த மாத்திரத்தில் சேரிதோறும் பள்ளி எழும்பிவிடவில்லை. மிஷனரிமார்க்கு ஆளும் பொருளும் இருந்தன, அவர்கள் பெற்றனர். கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றுக்கு அருகில் பஞ்சமர்க்கு இலவசப் பள்ளி தொடங்கினார். தமக்கென ஒரு சபையும் கணக்கும் இல்லாத சேரிக்கு, அரசாணை கிட்டாத கனியாகவே நின்றது.

இவ்வாணைகளைச் சீனிவாசனார் ஒருவரே வாங்கித் தந்தார் என்று சிலர் மேடையில் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். அது மிகை. பலர் தட்டிய கதவு அது. சீனிவாசனாரின் தனிப்பெருமை, பிறர் நமக்காக எழுதிய நிலையை மாற்றி, நமக்கு நாமே எழுதிக் கையொப்பமிடும் சபை ஒன்றை நிறுவியமையாகும். வைசிராய் எல்ஜின் பிரபு 1895இல் சென்னைக்கு வந்தபோது சபையின் சார்பில் அவரைக் கண்டு முறையிடவும் செய்தார்.

இவ்விடத்தில் நம் சங்கத்தின் கதையைச் சிறிது சொல்ல இடந்தர வேண்டுகிறோம். மாலைப் பாடநிலையத்திற்குக் கட்டடம் வேண்டி ஓர் அலுவலகத்திற்கு நாம் முதன்முதலாகக் கொடுத்த விண்ணப்பத்தை எழுதியவர் நாமே. பி.ஏ., பி.எட். படித்த பெருமிதத்தில், நம் மக்களின் வறுமையையும் கல்வியின் மேன்மையையும் இரண்டு பக்கம் இனிய தமிழில் எழுதினோம். எத்தனை அடி நீளத்தில் கட்டடம், எவ்வளவு செலவு, நிலம் யார் பெயரில் என்ற ஒன்றும் அதில் இல்லை. ஏழு திங்கள் கழித்து ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. அலுவலகத்தார்மீது சினந்தோம். பிறகு ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர், நம் உறவினர், அத்தாளைப் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தம்பி, இது கட்டுரைப் போட்டிக்கு எழுதியது போல் இருக்கிறது என்னும் பொருள்பட அவர் சொன்னது இன்றும் உறுத்துகிறது.

இரண்டாம் முறை மதிப்பீடும் வரைபடமும் பட்டா நகலும் வைத்தோம். அப்போதும் தடை. சங்கம் பதிவுபெற்றதுதான், ஆயின் ஆண்டுதோறும் பதிவாளர் அலுவலகத்தில் அளிக்கவேண்டிய அறிக்கையையும் தணிக்கைக் கணக்கையும் ஈராண்டாக நாம் அளிக்கவில்லை. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் அது கட்டாயம் என்பது பொதுக்குழுவில் எவருக்கும் நினைவில்லை. நிலுவையைச் செலுத்திக் கணக்கை நேர்செய்ய ஓராண்டு கழிந்தது. மூன்றாம் முறையே நிதி கிடைத்தது. அதுவும் கேட்டதில் பாதி. மற்றப் பாதியை உறுப்பினர்கள் மாதச் சந்தாவாகத் திரட்டினர். நீங்கள் இப்போது மாலைநேரத்தில் அமர்ந்து படிக்கும் கூடம் அதுதான். இடையில் கழிந்த நான்கு ஆண்டுகளில் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுச் சென்ற பிள்ளைகளின் முகங்கள் நமக்குத் தெரியும். அப்பிழையில் நமக்கும் பங்குண்டு என்பதால்தான் இதனை மறைக்காமல் எழுதுகிறோம்.

சீனிவாசனாரின் வரலாற்றுக்குத் திரும்புவோம். 1900இல் பத்திரிகை நின்றது. நம் மக்களின் குறைகளை இலண்டனிலேயே எடுத்துரைக்கலாம் என்று கப்பலேறினார். கருதியபடி இலண்டன் சேர இயலவில்லை. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை வழியாகத் தென்னாப்பிரிக்கா சென்று, நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல்லாண்டு பணியாற்றினார். காந்தியடிகள் தமிழில் கையொப்பமிடக் கற்றது அவரிடமே என்பர். ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம் அயல்நாட்டில் இருந்தார் என்பதை வரலாறுகள் சொல்லுகின்றன. அரங்கநாயகி அம்மையார் அக்காலத்தை எவ்வாறு கழித்தார் என்பதை ஒரு நூலும் விரித்துரைக்கவில்லை. நம் தலைவர்களின் வரலாற்றில் இது பொதுக்குறை.

1921 அளவில் தாயகம் திரும்பினார். 1923இல் சென்னைச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினரானார். அப்போது அவர் அகவை அறுபதைக் கடந்திருந்தது. 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் நாடறிந்தது: பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொதுக்கட்டடம் ஆகியவற்றை எவ்வகுப்பினரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பது. தீர்மானம் நிறைவேறியதோடு அவர் அமையவில்லை. அரசு அதனை ஆணையாக்கி 1925இல் அரசிதழில் வெளியிட்டு, ஊர்தோறும் அறிவிக்கச் செய்தது. சட்டமன்றத்தில் சொல் வெல்வது ஒன்று. அச்சொல் ஊர்ச் சாவடியில் தண்டோராவாக ஒலிப்பது மற்றொன்று. இரண்டாவதற்காக உழைப்பவர் எக்காலத்தும் குறைவு.

அந்நாளில் தொழிலாளர் ஆணையர் என்னும் அதிகாரியின்கீழ் நம் மக்களுக்கு வீட்டுமனை, குடிநீர்க் கிணறு, பள்ளி, உதவித்தொகை ஆகியன வழங்கப்பட்டன. வீட்டுமனைக்குக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தவணை முறையில் கடனைத் திருப்பச் செலுத்தும் ஏற்பாடும் இருந்தது. அங்கும் சங்கம் அமைத்த சேரி பெற்றது. அமைக்காத சேரி காத்திருந்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறை அத்துறையின் வழித்தோன்றலே.

1930, 1931ஆம் ஆண்டுகளில் இலண்டனில் நடந்த வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கரோடு கலந்துகொண்டதும், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முன்னிலையில் தாம் தீண்டப்படாதவர் என்பதைக் குறிக்கும் அடையாளத்தை அணிந்து நின்றதும், கைகுலுக்கத் தயங்கிய அவரை மன்னரே கைப்பற்றிக் குலுக்கியதும் நீங்கள் பாடநூலிலேயே படித்திருப்பீர்கள். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் அவரும் கையொப்பமிட்டார். இராவ் சாகிப், இராவ் பகதூர், 1936இல் திவான் பகதூர் எனப் பட்டங்கள் தொடர்ந்தன. 1939இல் தம் வாழ்க்கைச் சுருக்கத்தைச் சிறுநூலாக வெளியிட்டார். மிகச் சிறிய நூல். ஒரு மாலையில் படித்துவிடலாம். அதிலும் தம் பெருமையைக் காட்டிலும் கொடுத்த மனுக்களையும் நாட்களையுமே மிகுதியாகக் குறித்திருக்கிறார். கணக்கர் கணக்கராகவே இருந்தார்.

1944இல் இந்திய அரசு தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்க்கு மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்பிற்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் வீற்றிருந்த காலம் அது. நம் ஊர்ப் பிள்ளைகள் கல்லூரியில் இன்று பெறும் உதவித்தொகை அதன் தொடர்ச்சியே. அதனைக் கண்டபின், 1945 செப்டம்பர் 18ஆம் நாள் சீனிவாசனார் மறைந்தார். ஓட்டேரியில் அடக்கம் செய்யப்பெற்றார். 2000ஆம் ஆண்டில் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளிவந்தது. கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் அவர்க்கு நினைவு மண்டபம் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மின்வண்டியில் அரைமணிப் பயணம். சங்கத்து இளைஞருள் அதனைக் கண்டவர் எத்தனை பேர் என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டோம். மூன்று கைகள் உயர்ந்தன.

இன்றைய வாயில்கள் அன்றினும் பல. 1974இல் தோன்றிய தாட்கோ நிறுவனம் தொழில்முனைவோர்க்கு மானியத்தோடு கூடிய கடனுக்கு வழிசெய்கிறது. மக்கள் ஒரு பங்கைச் செலுத்த, மறு பங்கை அரசு ஏற்கும் நமக்கு நாமே திட்டம் உண்டு. 1993 முதல் நடைமுறையில் உள்ள நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு ஆதிதிராவிடர் வாழும் பகுதிகளுக்கென்று வகுக்கப்பட்டுள்ளது. உறுப்பினர் பரிந்துரைப்பார், ஒப்புதல் அளிப்பது மாவட்ட நிருவாகம். இவ்வேறுபாட்டை அறியாமல் உறுப்பினர் இல்லத்திலேயே பலநாள் காத்துக் கிடந்தவர்கள் நம்மிடையே உண்டு. 2021இல் தாம்பரம் மாநகராட்சியான பின்னர்த் தெருவிளக்கு, நூலகம், விளையாட்டிடம் ஆகியவற்றுக்கு வார்டு உறுப்பினர் வழியாகவும் கேட்கலாம். கேட்டதற்கு விடை வராவிடில் 2005ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

சங்கக் கூடத்தின் மர அலமாரியில் நீல அட்டையிட்ட கோப்பு ஒன்று இருக்கிறது. பதிவுச் சான்று, துணைவிதிகள், மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கு, பட்டா, தீர்மானப் படிகள், திரும்பி வந்த அந்த இரண்டு விண்ணப்பங்கள், வென்ற மூன்றாவது என யாவும் அதில் வரிசையாக உள. ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் நாம் அங்கிருப்போம். அடுத்து நூலகத்திற்கு எழுதவேண்டியிருக்கிறது. கையெழுத்துத் திருத்தமான இளைஞர் இருவரும், கணினி அறிந்த தங்கை ஒருத்தியும் வந்தால் இம்மாதத்திற்குள் அனுப்பிவிடலாம்.